உமி அடைத்த சுவரும் வாயடைத்த பல்லியும்

பாண்டுரங்கன் அண்ணன் ஒரு குடை வாங்குவதற்குக்கூடப் பல்லியைக் கேட்பார். சிரிக்காதீர்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி, கண்ணால் பார்த்தவள். காலையில் நாஷ்டா முடித்து, தறிக்குழியில் காலை இறக்குவதற்கு முன்னால், கிழக்குச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "கொடை ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரிலிருந்து "த்சு, த்சு, த்சு" என்று வந்துவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். விரல் முட்டியால் தரையில் மூன்று தட்டுத் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்பார். பல்லி சொன்னால் தரையைத் தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் தட்டிவிட்டால் தீர்ப்பு ஆயிற்று. பல்லி சொல்லாவிட்டால் மறுநாள் கேட்பார், அதற்கு மறுநாளும் கேட்பார். மூன்றாம் முறையும் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்தக் காரியத்துக்கு ஒரு முழுக்கு.

குடத்தில் ஓலையைப் போட்டு ஆள் பொறுக்கிய ஊர் எங்கள் உத்திரமேரூர். அதைக் கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு தெரு தள்ளி எங்கள் பக்கம் வந்திருந்தால் இன்னும் சுலபமான வழி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். ஓலையும் வேண்டாம், குடமும் வேண்டாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாண்டு அண்ணனைப் பற்றி இல்லை. அவர் பெண்சாதி லீலாவதியைப் பற்றி. எனக்கு லீலாக்கா.

மானாம்பதியில் பிறந்து, இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். எப்போது போய்ப் பார்த்தாலும் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் அடுப்படியில் நிற்பாள். பேச்சு மட்டும் கிடையாது. அண்ணன் மேற்கே சூரியன் உதிக்கிறது என்றாலும் "சரிங்க" என்பாள். எனக்கோ வாய் சும்மா இருக்காது, பிறவிக் குணம். "இன்னாக்கா, வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற? வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு" என்று கத்துவேன். அவள் சிரிப்பாள். "பல்லி சொல்லட்டுமே மலரு" என்பாள்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. பேசவே பேசாத இந்த லீலாக்கா விரும்பியதெல்லாம் அந்த வீட்டில் நடந்தது. அண்ணனின் தம்பி வந்து, தறியை விற்றுவிட்டு எல்லோரும் பெங்களூருக்குப் போய் மெஷின் தறி போடலாம் என்று ஆசை காட்டினார். அண்ணன் மூன்று நாள் பல்லியைக் கேட்டார். பல்லி கம்மென்று இருந்துவிட்டது. பெங்களூர்ப் பேச்சு அதோடு போயிற்று. கனகாவை, அவர்களுடைய ஒரே மகளை, வயசுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று கேட்டபோது முதல் நாளே "த்சு, த்சு, த்சு". அந்தப் பல்லிக்கு லீலாக்காவின் மனசு எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

இப்போது அந்தக் கிழக்குச் சுவரைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. எந்தக் காலத்திலோ அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுவில் இருந்த வாசலை மூங்கில் வைத்து மண் பூசி மூடியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் தடித்த சுவர், அந்த வாசல் இருந்த இடம் மட்டும் அப்பளம். அந்தப் பக்கம் அண்ணனின் தறி. இந்தப் பக்கம், அதே இடத்தில், என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணனின் மேஜை. ரேடியோ ரிப்பேர், வாட்சு ரிப்பேர். கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான், அதனால் வேறு எங்கும் உட்கார மாட்டார்.

அவரால் வருகிற சத்தம் இரண்டு வகை. ஒன்று ரேடியோ. ஒரு பெட்டியில் சிலோன், ஒரு பெட்டியில் டில்லி, ஒரு பெட்டியில் வெறும் கொர்ர்ர். அது தொழில், விட்டுவிடலாம். இன்னொன்று அவர் வாய். வாட்சைத் திறந்து உட்கார்ந்தால், ஊசிமுனைத் திருகாணி ஒன்று உட்காராமல் நழுவும்போதெல்லாம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "த்சு, த்சு, த்சு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். "வாட்சு பாக்கிறீங்களா, மாடு ஓட்டிக்கினு கீறீங்களா?" என்று கேட்டால், "நான் இன்னா பண்ணேன்?" என்பார். அவருக்கே தெரியாது.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. எனக்கு அப்போது தெரியாதே!

எண்பதாம் வருஷம் கோடையில்தான் வினை வந்தது. அண்ணன் ஒரு கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் வரிசையாகக் கோபுரம். இந்தப் பக்கம் ஒரு பெட்டியில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கூட்டம் கத்தும்போதெல்லாம் என்னவோ ஆகிவிட்டது என்று கை நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு கோபுரம் மேல்பாதி இல்லாமல் போய்விட்டது. புடவையை முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணப் பெண் இடுப்பில் மொட்டைக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாளா என்று கேட்டாராம். நியாயம்தானே.

அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டேய் முத்து! ஒன் பொட்டிங்க வாய நீ மூட்றியா, நான் வந்து மூடட்டுமா?"

"அண்ணே, வாய மூடிக்கினு வர்ற பொட்டிதாண்ணே எங்கிட்ட ரிப்பேருக்கே வருது. அத்தத் தொறக்கத்தான் எனுக்குக் கூலி" என்றார் இவர், கண்ணில் பொருத்திய வில்லையைக்கூட எடுக்காமல்.

"கோபுரம் மொட்டையாப் பூட்சிடா! பேஜார் புடிச்சவனே!"

நான் சும்மா இருப்பேனா? "ஒங்க தறி மட்டும் தாலாட்டா பாடிக்கினு கீது? விடிஞ்சா போதும், தடக்கு தடக்குன்னு தலையில இடிக்குது. நாங்க எதுனா கேட்டமா?" என்று பிடித்துக்கொண்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் அண்ணன், சுவரை அடைத்துச் சத்தத்தை நிறுத்திவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த வீட்டில் நடந்ததைக் கனகா வந்து சொன்னாள். லீலாக்கா, எதற்கும் சரிங்க என்கிற லீலாக்கா, "அந்தச் செவுரு அப்டியே கெடக்கட்டுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் அதிசயப்பட்டுப் போய், "நீ சும்மா கீறியா" என்று அடக்கிவிட்டு, நாஷ்டாவுக்குத் தோசைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, நிதானமாகத் தின்றுவிட்டு, பல்லியிடம் "செவுத்த அடச்சிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். "த்சு, த்சு, த்சு." தரையில் மூன்று தட்டு. கிருஷ்ணா, கிருஷ்ணா. பல்லி தன் வாயை அடைக்கத் தானே உத்தரவு போட்டுவிட்டது.

அடைத்தார் பாருங்கள் ஒரு அடைப்பு! முதலில் கோணிகளைத் தொங்கவிட்டார். ரேடியோ போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் பேசியது, அவ்வளவுதான். அடுத்து வைக்கோலைப் பிரியாக முறுக்கிச் சுவர் நெடுகக் கட்டினார். அதற்கென்றே எதிர்வீட்டு அம்முலுவின் கன்றுக்குட்டி உள்ளே நுழைந்து, ஆள் வந்து பார்ப்பதற்குள் பாதிச் சுவரைத் தின்றுவிட்டது. அம்முலு ஓடிவந்து, "எங் கன்னுக்குட்டிக்கு வயிறு உப்பினா யார் பாக்கறது?" என்று அண்ணனையே திட்டிவிட்டுப் போனாள். மூன்றாவதாகத்தான் சரியான வேலை. கூரை வேலை செய்கிற பொன்னனைக் கூப்பிட்டுச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி மூங்கில் தட்டி கட்டச் சொல்லி, தட்டிமேல் மண்ணும் சாணமும் கலந்து கனமாகப் பூசி, சுவருக்கும் தட்டிக்கும் நடுவில் ரைஸ் மில்லிலிருந்து வண்டியில் கொண்டுவந்த உமியைத் தலைவரைக்கும் கொட்டி இடித்துவிட்டார்கள். பூச்சி வராமலிருக்க நடுநடுவே வேப்பிலை.

சத்தம் செத்துப்போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. தறி இடியில்லாமல் மத்தியானம் கண் அசர முடிந்தது. இவர் பாட்டுக்கு எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் அலறவிட்டார். அண்ணனின் அடுத்த புடவையில் கோபுரமெல்லாம் கலசத்தோடு நின்றது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "உமிதாம்பா, உமி! காதுல பஞ்சு வெச்சாப்ல கீது" என்று பெருமையடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கனகாவின் சேதி வந்தது. காஞ்சிபுரத்தில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதுவரை அப்படிப் போனதில்லை. கனகா தறி மரத்திலேயே சாக்கட்டியால் கணக்குப் போட்டு வளர்ந்தவள், தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பவள். எனக்கு அவள்மேல் உயிர். எங்களுக்குக் குழந்தை இல்லை, அவள்தான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லியைக் கேட்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை கேட்டார். சுவர் கம்மென்று இருந்தது. வெகுநேரம் காத்திருந்தார். ஒன்றுமில்லை. கனகா அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மலரு அத்தே, பல்லி வாயத் தொறக்கல. நாளைக்கும் ஞாயித்துக் கெழமையும் தொறக்கலன்னா நைனா அனுப்பமாட்டாரு. அப்பால நான் சந்தையில வாயப்பயம் வித்துக்கினு கெடக்க வேண்டியதுதான்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போய் அண்ணனை நாலு வார்த்தை கேட்டேன். "பூச்சி புடிக்கிற ஜென்மம் சொல்லித்தான் பொண்ண படிக்க வெப்பீங்களாண்ணா?" என்றேன். அவர் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், அவருக்கே முகம் வாடிப்போயிருந்தது. "எனுக்கு ஆசை இல்லன்னா நெனச்ச மலரு? எங் கொழந்தைய கண் காணாத எடத்துக்கு அனுப்பறேன். ஒரு நல்ல வாக்கு வேணாமா? எங்க நைனா காலத்துலருந்து கேட்டுக்கினு வர்றதும்மா" என்றார்.

அன்று மாலை லீலாக்கா எங்கள் பின்கட்டு வழியாக வந்தாள். அவள் வருவதே அபூர்வம். முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"மலரு, முத்து தம்பிய கொஞ்சம் பலமா உச்சுக் கொட்டச் சொல்றியா?"

"இன்னாக்கா ஒளற்ற?"

"எங்க வூட்டுப் பல்லி அதாம்மா" என்றாள்.

நான் அப்படியே முறத்தைக் கீழே போட்டுவிட்டேன். அவள் மெல்லச் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் குடி வந்த முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாளாம். துணி காயப்போட வந்தவள், இவர் திண்டாடிக்கொண்டு உச்சுக் கொட்டுவதைப் பார்த்தாள், உள்ளே அண்ணன் தரையைத் தட்டுவதைக் கேட்டாள். அவர்கள் வீட்டில் அசல் பல்லி ஒன்றும் இருந்தது. அது விளக்கடியில் பூச்சி பிடிப்பதோடு சரி, குடும்ப விஷயத்தில் தலையிடுவதில்லை.

"அதுக்கப்பால?" என்றேன்.

"தம்பி குளிச்சி, சாமி கும்புட்டு, மேஜையில குந்தறதுக்கு நேரமாவும் இல்ல? நான் வெடுக்குன்னு உப்புமா கிண்டிப் போட்டன்னு வெச்சிக்கோ, ஒங்கண்ணன் சீக்கிரம் துன்னுட்டு சீக்கிரம் கேட்டுடுவாரு. அப்ப பல்லி சொல்லாது. தோசைன்னா ஒண்ணொண்ணா ஊத்தி ஊத்திக் குடுக்கணும். அவரு துன்னு எழுந்திரிக்கறதுக்குள்ள தம்பி வாட்சத் தொறந்துடும். அப்ப சொல்லும்."

நான் வாயைப் பிளந்தேன். "அப்போ பெங்களூரு?"

"மூணு நாளும் உப்புமா" என்றாள் லீலாக்கா.

அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒரு பொய்யும் சொல்லல மலரு. நாஷ்டா பண்ணேன், அவ்ளோதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இவளைப் போய் வாயில்லாப் பூச்சி என்று நினைத்து நான் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேனே! ஆனால் அவள் சிரிக்கவில்லை. "செவுரு அடச்சிட்டாங்கோ. இப்ப நான் இன்னா பண்ணுவேன்? தோசையச் சுட்டுச் சுட்டு வெச்சாலும் பல்லி பேசாதே. எம் பொண்ணு போவணும் மலரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, என் சிரிப்பு நின்றுவிட்டது.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் அரண்டுபோனார். "அண்ணன் பெங்களூர் போவாதது என்னாலயா? அந்தக் கொடை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஆமாம், நீங்கதான் இந்தத் தெருவுக்கே ஜோசியர்" என்றேன். அதிலிருந்து அவருக்கு நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. தெரியாமல் செய்தவரைக்கும் ஓயாமல் வந்தது, கொட்டுங்கள் என்றால் வரவில்லை. "ப்... ப்..." என்று மீன் வாயைத் திறப்பதுபோல் திறந்தார். ஒருவழியாக வந்தபோதும் உமியைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை அண்ணன் இரண்டாவது தடவை கேட்டார். நான் இங்கே இவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன், இவர் நாக்கு வலிக்கக் கொட்டிக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் நெய்த புடவையைக் கொடுக்கக் காஞ்சிபுரம் பஸ் ஏறினார். அவர் தெருமுனை திரும்பியதும் லீலாக்கா புடவையை இழுத்துச் செருகினாள். தட்டியின் அடியில், நெல் குதிருக்குப் பின்னால், ஒரு கை நுழைகிற அளவுக்கு மண்ணைப் பெயர்த்தாள். உமி குபுகுபுவென்று கொட்டியது. அவள் வார, கனகா கோணியில் கட்ட, நான் பின்கட்டு வழியாக எங்கள் தோட்டத்துக்குச் சுமக்க, மூன்று பேருக்கும் தலைமுடியெல்லாம் உமி. அண்ணன் திரும்புவதற்குள் சுவர் வெறும் வயிறாகிவிட்டது. ஓட்டையை மறுபடி மண் பூசி மெழுகிவிட்டோம். சந்தேகம் வரக்கூடாது என்று அன்றைக்கு மட்டும் ரேடியோ எதையும் திறக்கக்கூடாதென இவருக்குக் கட்டளை. இவரும் தன் பங்குக்கு, சத்தம் நன்றாகப் போகட்டும் என்று எங்கள் பக்கத்துச் சுவரில் ஸ்குரூ டிரைவரால் நாலைந்து ஓட்டை போட்டு வைத்தார். அந்த மகா புத்திசாலித்தனம்தான் குடியைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புளி கடன் வாங்குகிற சாக்கில் நான் அவர்கள் அடுப்படியில் நின்றேன். லீலாக்கா தோசை ஊற்றினாள். அப்படி ஒரு மெதுவான தோசையை நான் பார்த்ததே இல்லை. ஒன்று வெந்து, திருப்பி, மறுபடி திருப்பி, எண்ணெய் விட்டு, எடுத்து வைப்பதற்குள் எனக்கே பசித்துவிட்டது. அண்ணன் தின்று, கை கழுவி, சுவர் முன்னால் போய் உட்கார்ந்தார். கனகா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் கும்பிட்டார்.

"எம் பொண்ணு வாத்தியார் படிப்புக்குப் போவலாமா? கடைசி வாட்டி கேக்கறேன், சொல்லு."

நாங்கள் காத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் என்னவோ கிசுகிசுவென்றது. "ப்..." என்று ஒரு சின்னச் சத்தம். கொட்டித் தொலையேன்யா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். காலி செய்த சுவரில் மிச்சமிருந்த உமித்தூசி, இவர் போட்டு வைத்த ஓட்டை வழியாக இவர் மூக்குக்கே போய்க்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"ஹ... ஹ... ஹச்!"

சுவரே தும்மியது. காரியம் கேட்கும்போது தும்மல் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே கிளம்பியவர்கள் ஒரு தும்மல் கேட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. கனகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் மெல்ல எழுந்தார். "இது முத்து தும்மலு ஆச்சே" என்றார். தட்டியை விரலால் சுண்டினார். டம்மென்றது. குனிந்து பார்த்தார். குதிர் ஓரத்தில் ஈர மண், பக்கத்தில் சிந்திய உமி. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். என்ன ஏது என்று அவர் மனசில் ஓடுவது முகத்தில் தெரிந்தது. தொலைந்தோம், இனி இரண்டு வீட்டுக்கும் ஜென்மப் பகை, கனகா கதையும் முடிந்தது என்று நினைத்தேன்.

லீலாக்கா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. புருஷனுக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்து, வாயைக் குவித்தாள்.

"த்சு. த்சு. த்சு."

கல்லில் தோசை கருகியது. அண்ணன் அவளைப் பார்த்தபடியே இருந்தார். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்க்கிறவர்போல் பார்த்தார். லீலாக்காவும் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் குனிந்தார். விரல் முட்டியால் தரையில் மூன்று தட்டுத் தட்டினார்.

"கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். பிறகு, "பல்லி சொல்லிட்சி. கனகா, டிரங்குப் பொட்டிய எறக்கு" என்றார்.

கனகா போட்ட கூச்சலில் அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கையில் ஒரு வாட்சோடும் மூக்கில் உமியோடும் ஓடிவந்தார். "அண்ணே, நான் வேணும்னு தும்மலண்ணே" என்று காலில் விழப்போனார். அண்ணன் அவரைத் தூக்கி நிறுத்தி, "நீ தும்மினாலும் சொன்னாலும் இனிமே ஒண்ணுதாண்டா" என்று முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். நான் அழுதுவிட்டேன். நான் அவ்வளவு சுலபத்தில் அழுகிறவள் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அன்றைக்கு லீலாக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

திங்கட்கிழமை கனகா காஞ்சிபுரம் போனாள். நாங்கள் நாலு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று கையாட்டினோம். பஸ் போன பிறகும் அண்ணன் ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக எங்கள் தோட்டத்திலிருந்து உமியை அள்ளிக்கொண்டு போய்ச் சுவரை மறுபடி அடைத்தார். கோபுரம் மொட்டையாகக் கூடாதல்லவா.

இரண்டு நாள் பொறுத்து நான் லீலாக்காவிடம் கேட்டேன். "எப்டிக்கா ஒனக்கு அந்த தைரியம் வந்திச்சி?"

ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள். "தைரியம் இன்னா தைரியம்? இத்தினி வருசம் அடுத்த வூட்டு வாயால பேசிக்கினு கெடந்தேன். அன்னிக்கின்னு பாத்து அந்த வாயி தும்மிடிச்சி. எங்கிட்ட என் வாயிதான் மிச்சம் இருந்திச்சி மலரு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் தறிக்குழியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"லீலா! தறிக்கு மேல ரெண்டு கண்ணாடி ஓடு போட்டா வெளிச்சமா இருக்கும்னு பாக்கறேன். போடலாமா?"

லீலாக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே மறுபடி கூப்பிட்டார்.

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம். நாளைக்கி உப்புமாவா, தோசையா? அத்த மட்டும் சொல்லு."

நான் திடுக்கிட்டு லீலாக்காவைப் பார்த்தேன். முதல் தடவையாக அவள் ராட்டை நின்றது. முகமெல்லாம் சிவந்துபோய், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதை எடுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தோசை!"

தறிக்குழியில் மூன்று தட்டுக் கேட்டது. "கிருஷ்ணா, கிருஷ்ணா."